மூட்டைப் பாதையில் நான் போட்ட அம்பு

மலை ஏறும்போது வாயைத் திறக்காத, இறங்கும்போது வாயை மூடாத என் மச்சான் கன்னியப்பனுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காணும் பொங்கலுக்கு நம்முடைய மலைக்குப் போய்விட்டு வந்தேன். தனியாகத்தான். நீ போனபிறகு இதுதான் முதல் தடவை.

இதை உன் படத்துக்கு முன்னால் நின்று மனசுக்குள் சொல்லியிருக்கலாம். ஊரறிய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்தது மூடி மறைத்த தப்பு இல்லை. போகிறவன் வருகிறவன் எல்லாரும் பார்க்கும்படி, பாறைமேல், மஞ்சள் பெயிண்டில் செய்த தப்பு. அதை உன் காதில் மட்டும் ஓதிவிட்டுப் போனால் நியாயமாகாது.

முதலில் ஊர்ச் செய்தி. கரையான்சாவடியில் என் பெயிண்ட் கடைக்கு நேர் எதிரே மெட்ரோவுக்குத் தூண் வந்து நின்றுவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கடைப் பலகை தெரிவதில்லை. வருகிறவர்களுக்குத் தூணின் நம்பரைச் சொல்லித்தான் வழி காட்டுகிறேன். உன் பெண் மேகலா அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே வேலைக்குப் போகிறாள். நீ இருபத்தெட்டு வருஷம் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்த கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி. உன் சம்சாரம் சரோஜா உன்னுடைய மலைக் காலணிகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டேன், "வாரத்துல ஒரு தபா வெய்யில்ல வெக்கிறேண்ணா, பூஞ்ச புடிச்சிடும்" என்றாள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடக்கிறேன். சமதரை. கூட நடக்கிறவர்கள் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறார்கள், மருமகளைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர்கூடக் குனிந்து தரையைப் பார்ப்பதில்லை. உன்னோடு நடந்து கெட்டுப்போனவன் நான். எங்கே நடந்தாலும் கீழே என்ன கல் என்று பார்க்கிறேன். பார்த்து யாரிடம் சொல்வது?

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். நீ பொறுத்துக்கொள். உன் கம்பெனித் தரைக்குக் கோடு போட எப்பாக்ஸி பெயிண்ட் வாங்க வந்தவன் நீ. வந்த முதல் நாளே, நான் அடுக்கி வைத்திருந்த டின்களைப் பார்த்து, "கீய ரெண்டாவது வரிச சாஞ்சிக்கினு கீது மாமே, உன் தலமேல தான் உழும்" என்றாய். யாருடா இவன் என்று கோபம் வந்தது. அளந்து பார்த்தேன், சாய்ந்துதான் இருந்தது. அப்படி ஆரம்பித்தது. பிறகு மேகலாவுக்குக் காது குத்தும்போது, சரோஜாவுக்கு உடன்பிறந்த ஆண் யாரும் இல்லை என்று என்னை மடியில் உட்காரவைத்துக்கொள்ளச் சொன்னாய். மூட்டை தூக்கி, சைக்கிளில் சுண்ணாம்பு விற்று, கடை வைத்து மேலே வந்தவன் நான். அதுவரை என்னை யாரும் ஒரு சடங்குக்கு முன்னால் உட்காரச் சொன்னதில்லை. அன்றிலிருந்து சரோஜாவுக்கு அண்ணன், மேகலாவுக்குத் தாய்மாமன், உனக்கு மச்சான்.

மலைப் பைத்தியம் உன்னுடையது. காணும் பொங்கலன்று என் கடையும் மூடியிருக்கும், உன் கம்பெனியும் மூடியிருக்கும். ஊரே கடற்கரைக்கும் பூங்காவுக்கும் கிளம்ப, நீ மட்டும் எதிர்ப்பக்கம் போகிற ரயிலைக் காட்டினாய். அண்ணனூரில் நீ ஏறி இடம் பிடித்து வைப்பாய். அடுத்த ஸ்டேஷன் ஆவடியில் நான் ஏறுவேன். அரக்கோணத்தில் மாறி, ஜோலார்பேட்டைப் பக்கம் இறங்கி, ஒரு பஸ். ஜவ்வாது மலையின் அடிவாரம்.

மேலே மலைக்கிராமத்துக்கு இப்போது பஸ் போகிறது. பஸ் வருவதற்கு முன்பு அந்த ஜனங்கள் சாமையும் புளியும் கடுக்காயும் தலைமேல் வைத்து சந்தைக்கு இறங்கிய பாதை ஒன்று, காட்டுக்குள் அப்படியே கிடக்கிறது. மூட்டைப் பாதை என்பார்கள். எந்தக் காலத்தில் போட்டது என்று அவர்களுக்கே தெரியாது. எனக்கு அது வெறும் கல்லும் மண்ணுமாகத்தான் தெரிந்தது. நீதான் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து ஒரு படியின் உயரத்தை அளந்தாய்.

"அஞ்சு இஞ்சு. அடுத்தது அஞ்சேகால். பாத்தியா? தலையில மூட்ட கீறவன் கால ஒசர தூக்க மாட்டான். தூக்கினா பாரம் ஆடும். அதுக்குத்தான் படி இம்மாம் தாழ்வா, அகலமா போட்டுகீறான். வேலக்காரன் மாமே!"

"எவனோ காட்டான் கல்ல எடுத்து வெச்சிக்கிறான், நீ இன்னாவோ..."

"டேய், கம்பெனில நாங்க போட்ட மாடிப்படி ஒண்ணு ஏழு இஞ்சு, ஒண்ணு எட்டு. காட்டான் யாருன்னு சொல்லு."

வளைவுகளைக் காட்டினாய். எதிரும் புதிருமாக இரண்டு பேர் பாரத்தோடு வந்தால் ஒருவர் ஒதுங்க இடம். வழியில் அங்கங்கே சுமைதாங்கிக் கல், நின்ற ஆளின் தலை உயரத்துக்கு. இறக்கிவிட இன்னொருவர் கை தேவையில்லாமல் மூட்டையை நகர்த்தி அதன்மேல் வைத்துவிடலாம். தனியாக வருகிறவனுக்காக யோசித்துப் போட்ட கல் என்றாய். அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த வருஷம் நான் என் பையை இறக்கி வைத்தபோது தெரிந்தது.

சரி. அம்புக்கு வருகிறேன்.

ஏழெட்டு வருஷம் போயும் இரண்டு மூன்று இடத்தில் நாம் வழி தப்புவோம். உனக்கு அது விளையாட்டு. இலையை ஒதுக்கி, கல்லைத் தேடி, மறுபடி கண்டுபிடிப்பாய். எனக்கு எரிச்சல். ஒரு மணி நேரம் வீணாகிறதே என்பது வியாபாரி புத்தி. அந்தக் கடைசி வருஷம், உன் கம்பெனிக்குக் கொடுத்ததில் மிஞ்சின மஞ்சள் எப்பாக்ஸியை ஒரு சின்ன டின்னில் ஊற்றிக்கொண்டு, இரண்டு அங்குல பிரஷ்ஷோடு வந்தேன்.

"இன்னா மாமே, பெயிண்ட்டுக் கடைக்காரனுக்கு எத்த பாத்தாலும் செவுரு தானா?" என்றாய்.

"நீ நடடா. அஞ்சு அம்பு, அஞ்சு நிமிசம். காலத்துக்கும் வழி தப்பாது. பத்து வருசத்துக்கு வெய்யிலு மழை எதுக்கும் அசையாது, என் கியாரண்டி."

நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். தடுக்கவில்லை. நாலு அம்பு சரியாகவே போட்டேன். அன்று நீ மெதுவாக வந்தாய். வயசு என்று நினைத்தேன். மூச்சு வாங்கியதைக் கவனித்தேன், கேட்கவில்லை. நான் முன்னால் போய்விட்டேன். பெரிய பாறைக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் சுத்தமாக, தெளிவாக, மேலே ஏறியது. வலது பக்கம் சருகு மூடிக் கிடந்தது. யோசிக்கவே இல்லை. பாறை முகம் நல்ல மட்டமாக இருந்தது, பெயிண்ட் பிடிக்கும். இடது பக்கம் காட்டி முழ நீளத்துக்கு ஒரு அம்பு. என் கையால் போட்டதில் அதுதான் அழகாக வந்தது.

நீ வந்து பார்த்தாய். வலது பக்கம் போய், காலால் சருகைத் தள்ளினாய். உள்ளே படி இருந்தது. டேப்பை வைத்தாய். அஞ்சு அங்குலம். இடது பக்கம் போய் நின்று, "இது ஆட்டு வழி. செங்குத்தா போவுது பாரு. மூட்டக்காரன் இப்டி ஏற மாட்டான்" என்றாய்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "ரெண்டும் மேலத்தானே போவும்" என்றேன்.

"போவாது. ஈரமா தான் கீது. தொடச்சிட்றேன்."

கழுத்தில் கிடந்த துண்டை எடுத்தாய். பொங்கலுக்கு எடுத்த புதுத் துண்டு. நீ பாறைகிட்டே போகும்போது நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"புதுத் துண்டுடா. பாழாப் பூடும். அடுத்த தபா வரும்போது பாத்துக்கலாம்."

எனக்குத் தெரியும் மச்சான். முப்பது வருஷமாகப் பெயிண்ட் விற்கிறவனுக்குத் தெரியாதா? எப்பாக்ஸியைப் பூசின அரை மணி நேரத்துக்குள் ஒரு துணியால் துடைத்தால் வந்துவிடும். அப்புறம் தின்னர் ஊற்றினாலும் வராது. அடுத்த தடவை வந்தால் துடைக்க முடியாது என்பது தெரிந்தேதான் சொன்னேன். துண்டுக்காகவா கையைப் பிடித்தேன்? நீ சரி, நான் தப்பு என்று அந்தப் பாறை முன்னால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

நீ என் கையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், துண்டைத் திருப்பிக் கழுத்தில் போட்டுக்கொண்டாய். "உன் கடை, உன் பெயிண்ட்டு" என்றாய். வலது பக்கம் ஏறிப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். இறங்கும்போதும் நீ பேசவில்லை. ரயிலில் ஆவடியில் நான் இறங்கும்போது "வரேன்" என்றேன். தலையசைத்தாய்.

அதற்கப்புறம் நீ போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. யார் முதலில் என்று இருந்துவிட்டோம். தை, மாசி, பங்குனி என்று ஆறு மாசம் ஓடியது. ஆடி மாசம் ஒரு காலையில் சரோஜா போன் செய்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றாள். பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவர அவளுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஒரு துண்டு பாழாகிவிடும் என்று உன் கையைப் பிடித்த நான், பூந்தமல்லிக் கடையில் நின்று உனக்குக் கோடித் துணி கேட்டேன். கடைக்காரன் "எம்மாம் மொழம்ணா?" என்றான்.

பிறகு இரண்டு காணும் பொங்கல் வந்து போயின. இரண்டுக்கும் கடையில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அம்பை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

போன மார்கழியில் மேகலா கடைக்கு வந்தாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற கூட்டம். ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, கூட்டம் குறையும்வரை காத்திருந்தாள். உன்னை மாதிரியே தரையைப் பார்த்துக்கொண்டு. அப்போதே எனக்கு என்னவோ போல் இருந்தது.

"மாமா, அப்பாவும் நீங்களும் போற மலைக்குப் போனேன். ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ் நாலு பேரு."

"சொல்லிட்டுப் போவக்கூடாதாம்மா?"

"பெரிய பாறைகிட்ட மஞ்ச அம்பு. எங்க மாமா போட்டது, கண்ண மூடிக்கினு போலாம்னு பீத்திக்கினேன். அது போயி ஒரு மொட்டப் பாறையில நிக்கிது. அப்பால வழியே இல்ல. பாறை மேல ஏறினா உச்சியில கீற கோயில் தெரியும்னு கூட வந்த திவ்யா ஏறினா. வழுக்கி உட்டுச்சி. கையில மாவுக்கட்டு. கொஞ்சம் தள்ளி உழுந்திருந்தா கட்டுப் போடக்கூட ஆளு இருக்காது மாமா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கேட்டுக்கொள். "யாராவது வேற பக்கம் மாத்திப் போட்டிருப்பாங்கம்மா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. சரக்கு திரும்பி வந்தால் முதல் வார்த்தை அப்படி வரப் பழகின வாய்.

அவள் ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்பா போறதுக்கு மின்னாடி ஒரு நாளு கேட்டேன், மாமா ஏன் நம்ம ஊட்டுக்கு வர்றதே இல்லன்னு. கடையில சீசன்மான்னு சொன்னாரு. ஆடி மாசத்துல பெயிண்ட்டுக் கடையில இன்னா மாமா சீசன்?"

மச்சான், எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறாய். அதையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிந்ததா உனக்கு? ஆடியில் எவன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறான்?

கடைப் பையன்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாறை, டேப், துண்டு, கையைப் பிடித்தது. அழவில்லை அவள். கேட்டு முடித்து, "ஒரு துண்டு தான மாமா" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள். "பொங்கலுக்கு அங்க கூட்டம் நெறைய வரும்னு கீய டீக்கடையில சொன்னாங்க. வீடியோ பாத்துட்டு வராங்களாம். அதுக்குள்ள எடுத்துடுங்க. நான் கூட வர்ல. அது உங்க ரெண்டு பேரு சமாச்சாரம்."

காணும் பொங்கலன்று விடிவதற்கு முன்பே ஆவடியில் முதல் ரயில் ஏறினேன். பழக்கத்தில் அதே பெட்டி. ஜன்னலோரம் எனக்காக யாரும் கைக்குட்டை போட்டு வைத்திருக்கவில்லை. வேப்பம்பட்டு வரை நின்றுகொண்டே போனேன். ஒருவர் எழுந்து, "ஒக்காருங்க பெரியவரே" என்றார். உன்னோடு வரும்போது என்னை யாரும் பெரியவரே என்று கூப்பிட்டதில்லை.

பையில் பெயிண்ட் ரிமூவர், கம்பி பிரஷ், சுரண்டும் தகடு, கீழே சிந்தாமல் விரிக்க பழைய பிளெக்ஸ் ஷீட், அப்புறம் பாறை நிறத்தில் நானே கலந்த ஒரு டின். அதைக் கலக்க மூன்று நாள் ஆயிற்று. கருப்பு, வெள்ளை, கொஞ்சம் காவி. கடையில் வைத்துப் பார்த்தபோது அச்சாகப் பாறைதான். மலையில் திறந்து பார்த்தால் சிமெண்ட் சுவர் மாதிரி இருந்தது. பாறையில் ஒரு நிறமா இருக்கிறது? ஒரு சாணுக்குள் பத்து நிறம். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அம்பு அப்படியே இருந்தது. நேற்றுப் போட்டது மாதிரி. என் கியாரண்டி பொய்க்கவில்லை.

ரிமூவரைத் தடவி, ஊறவிட்டு, சுரண்டினேன். மறுபடி தடவினேன். மேல்தோல் வந்தது, பாறைத் துவாரத்துக்குள் போன மஞ்சள் வரவில்லை. உளியால் கொத்த மனசில்லை. கடைசியில் அந்தச் சாம்பல் நிறத்தையே புள்ளி புள்ளியாக ஒற்றினேன். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அம்பு போயிற்று. கை எரிந்தது, முட்டி வலித்தது. திரும்பி, "போதுமா?" என்று கேட்கப் போனேன். மச்சான், தப்பைச் சரிசெய்யும்போது பக்கத்தில் நின்று திட்ட ஒரு ஆள் வேண்டும். இல்லையென்றால் சரியாகிவிட்டதா என்றே தெரிவதில்லை.

சுமார் பதினோரு மணிக்கு முதல் கூட்டம் வந்தது. ஆறேழு பையன்கள். பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கம் என்று தெரிந்தது. பாறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே இடது பக்கம் ஏறினார்கள்.

"தம்பி, அப்டி இல்ல, இப்டி!"

"இன்னா நைனா, டோல்கேட்டா? காசு எதுனா குட்கணுமா?"

"காசு இல்லடா, அது ஆட்டு வழி. வலது பக்கம் தான் பாதை."

"எது, அந்த முள்ளா? நைனா காலைலயே சரக்கு வுட்டுக்கினு வந்துகீது மச்சி. இவ்ளோ பெரிய ரோடு கீது, அத்த உட்டுட்டு முள்ளுக்குள்ள போவ சொல்றாரு!"

அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். இடது பக்கம் ஒற்றை ஆட்டுத்தடமாக இருந்தது, இப்போது இரண்டு பேர் கைகோத்துப் போகிற அகலம். மண் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தது. பிஸ்கட் தாள்கூடக் கிடந்தது. வலது பக்கம், நீ சருகைத் தள்ளிக் காட்டின இடத்தில், உண்ணிச்செடி இடுப்பளவு. படியே இல்லை. என் அம்பு மூன்று வருஷமாக ஆட்களை அனுப்பி அனுப்பி, தப்பைப் பாதையாக்கிவிட்டது. பாதையைக் காடாக்கிவிட்டது. நான் பாறையில் இருந்ததைத்தான் அழித்தேன். தரையில் இருப்பதை எந்த ரிமூவர் எடுக்கும்?

பையன்கள் நிற்கவில்லை. நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். இந்த வயசில், கையெல்லாம் பெயிண்டோடு. "போன மாசம் ஒரு பொண்ணு அங்க உழுந்து கைய ஒடச்சிக்கினா. அந்த அம்பு போட்டவன் நான் தான். நம்புங்கடா" என்றேன். என்னவோ என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

சத்தம் கேட்டு, ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் இறங்கி வந்தாள். மலைக்கிராமத்துப் பெண், நாற்பது வயசிருக்கும், இடுப்பில் கொடுவாள். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். "ஓ, அந்த மஞ்ச புத்திசாலி நீதானா?" என்றாள். "எங்க ஆட்டுக்கு வழி தெரியாதுன்னு அம்பு போட்டுக் குடுத்த தருமவான்! என் ஆடு ஒண்ணும் படிக்காதே சாமி."

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாங்கிக்கட்டிக்கொள்வது இவ்வளவு நிம்மதியா?

கொடுவாளைக் கேட்டேன். கொடுக்கவில்லை. "நீ வெட்டினா உன் கால வெட்டிக்குவ" என்று அவளே இறங்கி வெட்டினாள். பையன்களில் இரண்டு பேர் முள்ளை இழுத்துப் போட்டார்கள். நான் குனிந்து சருகை ஒதுக்கினேன். முதல் படி. இரண்டாவது. டேப் இல்லை, சாண் வைத்துப் பார்த்தேன். வளைவு வரை முப்பது நாற்பது அடி திறந்தது; அதற்கு மேல் முள்ளை ஒதுக்கிக்கொண்டு நடக்க முடிந்தது. பையன்கள் அந்த வழியாக ஏறிப் போனார்கள். "நைனா, மேல வர்லியா?" என்று ஒருவன் கேட்டான்.

போகலாம் என்றுதான் இருந்தது. அதற்குள் கீழே அடுத்த கூட்டம். குடும்பம், குழந்தைகள். வந்தார்கள், பார்த்தார்கள், நேராக இடது பக்கம் திரும்பினார்கள்.

"அந்தப் பக்கத்துல முள்ளு வெட்டிப் போட்டு அடச்சிடலாமாம்மா?" என்று அவளைக் கேட்டேன்.

"அடச்சா என் ஆடு எப்படிப் போவும்? மேல பாறைக்குழியிலதான் தண்ணி. காலையில நானே தள்ளிட்டுப் போவேன், சாயங்காலம் யாரு வெப்பா?"

"பின்ன இன்னாதான் பண்றது?"

"நடக்க நடக்கத்தான் வழி. இந்தப் பக்கம் நாலு பேரு நடக்கட்டும், அந்தப் பக்கம் புல்லு மொளைக்கட்டும். அதுவரைக்கும் சொல்ல ஆளு வேணும்." ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சொல்ல ஆள் வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? நான் அந்தப் பாறையில் முதுகைச் சாய்த்து நின்றேன். வந்தவர்களுக்கெல்லாம் கையைக் காட்டினேன். "இப்டி போங்க, இப்டி." சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் என்னை ஏதோ கோயில் ஆள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒரு சின்னப் பெண் "தாத்தா, நீங்க எப்பவும் இங்கதான் இருப்பீங்களா?" என்றது. இடையில் ஆளே வராத நேரங்கள் இருந்தன. காற்று, ஒரு செம்போத்து, எங்கேயோ ஆட்டுமணி. ஏழெட்டு வருஷம் உன்னோடு வந்த மலையில் இவ்வளவு அமைதி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ பேசாமல் நடந்தபோதுகூட அது அமைதியாக இருந்ததில்லை. பேசாமல் இருக்கிற ஆள் ஒருவன் இருந்தான் அல்லவா?

கடைசிக் கூட்டம் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. காலையில் கேலி செய்த பையன் நின்றான். "நைனா, மேல சூப்பரா கீது. படி படியா வெச்சிக்கீறான். யாரு போட்டது?" என்று கேட்டான். நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். அஞ்சு அங்குலம் ஏன், வளைவில் அகலம் ஏன். பாதி தப்பாகச் சொல்லியிருப்பேன். அவன் குனிந்து ஒரு படியைத் தடவிப் பார்த்தான். அதோடு சரி.

மறுநாள் காலை அண்ணனூருக்குப் போய் மேகலாவிடம் சொன்னேன். "அம்பு போச்சா?" என்றாள். "அம்பு போச்சு. வழி போவல" என்றேன். முழுவதும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். மன்னித்தாளா, தெரியாது. காபி கொண்டுவந்து வைத்தாள். திவ்யா வீட்டுக்குப் போய், அவளையும் அவள் அப்பாவையும் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான்.

ஒன்று சொல்கிறேன் மச்சான். எனக்குப் பேச்சைவிடக் கையால் செய்வதுதான் வரும். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு காணும் பொங்கல், நான் அந்தப் பிரிவில் இருப்பேன். வளைவு தாண்டி அடுத்த சுமைதாங்கி வரைக்கும் முள் எடுக்க வேண்டியிருக்கிறது, எடுப்பேன். ஆளைத் திருப்பி அனுப்புவேன். ஆட்டு வழியில் புல் முளைத்து, புதிதாக வருகிறவன் யாரையும் கேட்காமல் தானாக வலது பக்கம் திரும்புகிற நாள்வரை நான் அந்தப் பாறையைத் தாண்டி மேலே ஏறமாட்டேன். அது எத்தனை வருஷமோ, என் முட்டி அதுவரை தாங்குமோ, தெரியாது. தாங்கவில்லை என்றால் உச்சி எனக்கு இல்லை. அப்படியே இருக்கட்டும்.

சரோஜாவுக்கு அண்ணனாக நின்றவன்,
உன் மச்சான்,
பெயிண்ட்டுக் கடை தேவராஜ், கரையான்சாவடி.